இடப்பக்கத் தாங்கியும் சிவபாலனின் பெயரும்

போன மாதம் ஒரு மத்தியானம் ரவூப் தொலைபேசியில் கூப்பிட்டார். என்னிடம் வேலை பழகி, இப்போது திருகோணமலை துறைமுகத்துக்குப் போகிற வீதியில் சொந்தமாகக் கராஜ் வைத்திருப்பவர். புதுக்கார் ஒன்று மஞ்சள் விளக்கு எரிந்தபடி வந்து நிற்கிறதாம். கணினியைக் கொழுவிப் பார்த்தால் பெற்றோல் தாங்கியின் அமுக்கம் சரியில்லை என்று காட்டுகிறதாம். தாங்கியை இறக்கிப் பார்ப்பதா விடுவதா என்று கேட்டார். இறக்க முதல் மூடியை ஒருக்கால் இறுக்கிப் பாரும் என்றேன். கொஞ்சத்தால் திரும்ப எடுத்துச் சிரித்தார். மூடிதானாம். இறுக்கிப் பூட்டி, கணினியில் பிழையை அழித்துவிட, விளக்கு பிறகு எரியவில்லையாம்.

உங்கள் காலத்தில் தாங்கிக்கு அமுக்கம் என்று ஒன்று இருந்ததா பாஸ் என்று அடுத்த கேள்வியைக் கேட்டார். எங்கள் காலத்தில் காற்றே இருக்கவில்லை என்று நினைத்துவிட்டார் போலும். இருந்தது, அதனால் ஒரு மனிதன் கள்ளனாகவும் ஆனான் என்றேன். அப்படியென்றால் எழுதித் தாருங்கள், கராஜில் நிற்கிறவர்கள் வாசிக்கட்டும் என்றார். முழங்கால்தான் என்னிடம் ஓய்வு கேட்டது, வாய் கேட்கவில்லை. ஆகவே எழுதுகிறேன்.

முதலில் விசயம் விளங்க வேண்டும். பால் ரின்னில் ஒரு துளை போட்டால் பால் ஒழுங்காக வராது. எதிர்ப்பக்கம் இன்னொரு துளை போட்டால்தான் காற்று உள்ளே போகும், பாலும் வெளியே வரும். பெற்றோல் தாங்கியும் அப்படித்தான். எஞ்சின் குடிக்கக் குடிக்க அந்த அளவுக்குக் காற்று உள்ளே போக வேண்டும். போகாவிட்டால் தாங்கிக்குள் வெறுமை ஏறி, பம்ப் எவ்வளவு இழுத்தாலும் பெற்றோல் அசையாது. அதே தாங்கியை வெயிலில் விட்டால் ஆவி பொங்கி வெளியே போக வழி தேடும். போகவும் வரவும் ஒரே சின்னக் குழாய். அதை நாங்கள் மூச்சுக்குழாய் என்போம்.

இலங்கைத்துறையில் ஒரு மீன்பிடிகாரர் இருந்தார். அவருடைய வள்ளத்து எஞ்சின் கரையில் சிங்கமாய் உறுமும், கடலுக்குள் போனதும் நின்றுவிடும். மூன்று பேர் கழற்றிப் பூட்டிய பிறகு என்னிடம் கொண்டுவந்தார். தாங்கி மூடியில் காற்றுப் போகவென்று ஒரு சின்னத் திருகாணி உண்டு, அதைத் தளர்த்திவிட்டுத்தான் ஓட வேண்டும். மனிதர் உப்புத்தண்ணீர் போய்விடும் என்ற பயத்தில் அதைக் குறடு வைத்து இறுக்கியிருந்தார். போதாததற்கு மேலே மெழுகும் பூசியிருந்தார். இப்படியான அக்கறைதான் எங்கள் தொழிலுக்குச் சோறு போடுகிறது.

நான் வேலை பழகியது துறைமுகப் பக்கத்தில் இருந்த ஒரு பெரிய வேலைத்தளத்தில். பழகிய வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கழுவினேன், துடைத்தேன், ஏச்சு வாங்கினேன், ஒருநாள், கை தேர்ந்த மெக்கானிக்கைக் கூப்பிடுகிறதுபோல, என்னையும் பாஸ் என்று கூப்பிட்டார்கள். ஆனால் எங்களை மேய்த்த பெனடிக்ற் போர்மனைச் சொல்லாமல் விட ஏலாது. போர்த்துக்கேயர் வழிவந்த பாலையூற்றுப் பறங்கியர். வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு வந்து, வெள்ளைச் சேட்டோடு வீடு திரும்புகிற ஒரே மனிதர் அங்கே அவர்தான். குரல் உயர்த்த மாட்டார். பிழையான இடத்தில் நாங்கள் ஸ்பானரை வைத்தால் ஒன்றும் சொல்லாமல் அதை எடுத்துத் துடைத்து, பழைய இடத்தில் வைத்துவிட்டுத் தேத்தண்ணீர் குடிக்கப் போய்விடுவார். விடை தெரிந்தாலும் சொல்ல மாட்டார். அதில் எனக்கு அவர்மேல் இன்றைக்கும் கோபம்தான், எத்தனையோ நாளை வீணாக்கியிருக்கிறார்.

அவருக்கு ஒரேயொரு சட்டம் இருந்தது. வருத்தம் வராத நேரத்தில் வைத்தியம் பார்க்கக்கூடாது. இடையிடையே நிற்கிறது என்று ஒரு லொறி வந்தால், அது எங்கள் கண்முன்னே நிற்கும் வரைக்கும் ஒரு ஆணியையும் தொட விடமாட்டார். ஒருமுறை ஒரு லொறியின் காபரேற்றரைக் கழற்றி மேசையில் பரப்பி வைத்திருந்தேன். எல்லாவற்றையும் திரும்பப் பூட்டச் சொல்லி, பக்கத்தில் ஏறி இருந்துகொண்டு, நிலாவெளிப் பக்கம் ஓடச் சொன்னார். போனோம், வந்தோம், திரும்பப் போனோம். அவர் கலியாண வீட்டுப் பாட்டு ஒன்றை வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். கடைசியில் லொறி ஒரு பள்ளத்தில் விழுந்து எழும்பியதும் நின்றது. வயர் ஒன்று உள்ளே முறிந்திருந்தது, அவ்வளவுதான். காபரேற்றருக்கு ஒரு குறையும் இல்லை.

இனி நடராசா முதலாளியின் காருக்கு வருகிறேன்.

பட்டணத்தில் இரும்புக்கடை வைத்திருந்தவர் அவர். தகப்பன் வாங்கி வைத்த பழைய இங்கிலாந்துக் கார் ஒன்று அவரிடம் இருந்தது. பின்பக்கத்தில் இடதுக்கும் வலதுக்கும் ஒவ்வொரு தாங்கி, ஒவ்வொரு பம்ப். எதிலிருந்து குடிப்பது என்று மாற்ற டாஷ்போட்டில் ஒரு சுவிச். பெற்றோலுக்கு நாடே வரிசையில் நின்ற அந்த வருடத்தில், இரண்டு தாங்கி வைத்திருந்தவரை ஊர் இரண்டு பெண்சாதி வைத்திருந்தவர்போலப் பார்த்தது. நிரப்பக் கிடைத்ததென்னவோ மற்றவர்களுக்குக் கிடைத்த அளவுதான்.

அந்தக் காரை ஓட்டியவர் சிவபாலன். இலங்கைத்துறை ஆள், பாலையூற்றில் குடியிருந்தார். பதினைந்து வருடத்துக்கு மேல் அந்த வீட்டில் வேலை. காரை என்னிடம் கொண்டுவரும்போதெல்லாம் அவரே துணியை நனைத்து என் கைபட்ட இடத்தைத் துடைத்துவிட்டுத்தான் எடுத்துப் போவார். எனக்கு அது பிடிக்காது, ஆனால் அவரைப் பிடிக்கும்.

அந்த வருடம் முதலாளியின் மகள் சுகன்யா, கலியாணமாகி நெடுநாளுக்குப் பிறகு பிள்ளை தரித்துத் தாய் வீட்டுக்கு வந்திருந்தாள். நேர்த்தி வைத்திருந்ததால் எல்லோரும் வெருகல் முருகனிடம் புறப்பட்டார்கள். இடதுபக்கத் தாங்கியில் ஓடிய கார், ஈச்சிலம்பற்றை நெருங்கும்போது இருமி இருமி நின்றுவிட்டது. சிவபாலன் வலதுபக்கத் தாங்கிக்கு மாற்றி ஓட்டி, கோயிலுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். பிறகு ஒருநாள் கந்தளாய் போகும்போதும் அதே கதை. அளவுகாட்டியில் பெற்றோல் இருக்கிறது, எஞ்சின் மட்டும் குடிக்கவில்லை.

வீடு திரும்பியபின் முதலாளி, முற்றத்து வெயிலில் நின்ற காரின் இடதுபக்க மூடியைத் தானே திறந்திருக்கிறார். புஸ்ஸென்று சீறி, ஆவி முகத்தில் அடித்திருக்கிறது. பெற்றோலை விற்றுப்போட்டு மண்ணெண்ணெய் கலக்கிற கதைகள் ஊரெல்லாம் உலாவிய காலம். இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டார். மண்ணெண்ணெய் கலந்தால்தான் இப்படிப் பொங்கும் என்று வரிசையில் நின்ற யாரோ ஒரு விஞ்ஞானி வேறு சொல்லியிருக்கிறான். சிவபாலனிடம் கார்த் திறப்பை வாங்கிக்கொண்டு, கொஞ்ச நாள் வீட்டில் நில்லும் என்று மட்டும் சொல்லி அனுப்பினார். ஆனால் பெற்றோல் அடிக்கிற செட் வரிசையில் நின்று, எல்லோர் காதிலும் விழ, என்ர டிரைவர் என்ர பெற்றோலை வித்துப்போட்டு மண்ணெண்ணெய் ஊத்தினவன் என்று சொன்னார்.

அவ்வளவே போதும். வீட்டில் நின்ற நாட்களுக்கென்று சிவபாலன் பேசி வைத்திருந்த பள்ளிக்கூட வான் ஓட்டம் அடுத்த நாளே இல்லையென்று ஆனது. கடைக்குப் போனால் கதை நின்றுவிடுகிறது என்று மனைவி வெளியே போவதையே விட்டுவிட்டார். எனக்கு இது தெரியும், என் வீடும் அந்தப் பக்கம்தான். சிவபாலன் என்னைத் தெருவில் கண்டால் தலையை ஆட்டிவிட்டுப் போவார், காரைப் பற்றி ஒரு சொல் கேட்க மாட்டார்.

தாங்கியை வடித்துப் புதுப் பெற்றோல் ஊற்றி, முதலாளி தானே ஓட்டத் தொடங்கினார். கடைக்கும் வீட்டுக்கும் நன்றாக ஓடியது. அவன் போனான், கார் சுகமாயிற்று என்று அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டார். பிறகு மகளைக் கண்டியில் ஒரு டொக்டரிடம் காட்ட வேண்டி வந்தது. நெடுந்தூரம் என்பதால், இடதுபக்கத் தாங்கியில் மண்ணெண்ணெய் மிச்சம் இருந்தால் கழுவித் தரும்படி என்னைக் கூப்பிட்டார்.

வடித்த பெற்றோலில் ஒரு போத்தல் சாட்சிக்கு வைத்திருந்தார். வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டேன். கொஞ்ச நேரத்தில் காய்ந்து, தாள் பழையபடி வெள்ளையாகிவிட்டது. மண்ணெண்ணெய் என்றால் எண்ணெய்க் கறை நிற்கும். வைத்த இடத்தில் மண்ணெண்ணெய் ஆவியாகிப் போயிருக்கும் பாஸ் என்றார். அப்படிப் பெற்றோலை விட்டுவிட்டு மண்ணெண்ணெய் மட்டும் எழும்பிப் போகுமென்றால் நீங்கள் கடையை மூடிவிட்டுக் கலப்படப் பெற்றோலைப் பிரித்து விற்றே பிழைக்கலாம் முதலாளி என்றேன். சிரிக்கவில்லை.

தாங்கியைக் கழுவ நான் சம்மதிக்கவில்லை. பெனடிக்ற் போர்மனின் சட்டம் எனக்குள் ஊறியிருந்தது. முதலாளியைப் பின் இருக்கையில் ஏற்றிக்கொண்டு, கிண்ணியாப் பாலம் தாண்டி மூதூர் வரைக்கும் வலதுபக்கத் தாங்கியில் ஓடினேன். ஒரு குறையும் இல்லை. மூதூர் தாண்டியதும் இடதுக்கு மாற்றினேன். நெடுநேரம் நன்றாகத்தான் ஓடியது. பின்னால் இருந்து முதலாளி, அவன் போனதோடை சரி எண்டு நான் சொன்னனான்தானே என்றார். வயல்வெளிக்கு வந்ததும் எஞ்சின் ஒருமுறை தும்மியது. பிறகு இழுவை குறைந்தது. காரை ஓரமாக்கி, எஞ்சினை நிறுத்தாமல் பின்னால் போய் டிக்கியைத் திறந்தேன். பம்பின் டிக் டிக் சத்தம் ஏற்றத்தில் மிதிக்கிற கிழவனின் சைக்கிள்போல மெதுவாகிக்கொண்டு வந்தது.

முதலாளியைக் கிட்ட வரச் சொன்னேன். இடதுபக்க மூடியை மெல்லத் திருகினேன். ஸ்ஸ்ஸ் என்று ஒரு நீண்ட சத்தம், இந்த முறை உள்நோக்கி. கையை வைத்துப் பார்க்கச் சொன்னேன், அவருடைய உள்ளங்கையைத் தாங்கியின் வாய் உள்ளே இழுத்தது. அடுத்த கணம் பம்ப் படபடவென்று அடித்தது, சாகக் கிடந்த எஞ்சின் எழும்பியது.

மூடியை இறுக்கித் திரும்ப ஓடினேன், திரும்ப நின்றது. இரண்டு மூடியையும் இடம் மாற்றிப் போட்டேன், அப்போதும் இடதுதான் நின்றது. ஆகவே மூடியில் பிழையில்லை. மூடியைத் தளர்த்தி, துணி சுற்றி ஓடினேன், பட்டணம் வரும்வரைக்கும் நிற்கவில்லை. இது புதுப் பெற்றோல், அவரே வரிசையில் நின்று ஊற்றியது, திறப்பும் அவரிடமே இருந்தது. நான் ஒன்றும் விளக்கப் போகவில்லை.

வீட்டு முற்றத்தில் காரின் பின்பக்கத்தை உயர்த்தினேன். தாங்கியின் மூச்சுக்குழாய் பின் பம்பருக்கு உட்பக்கமாக இறங்கி முடியும். வலதுபக்கம் வாயால் ஊதினேன், போனது. இடதுபக்கம் ஊதினேன், போகவில்லை. கீழே படுத்து விளக்கைப் பிடித்தேன். கொஞ்ச நாள் தூசியைத் தவிரக் கார் முழுக்கப் பளபளவென்று இருந்தது, பம்பரின் உட்பக்கத்தைக்கூட ஒருவர் துடைத்து வைத்திருந்தார். அதன் நடுவில், குழாயின் வாயை மூடிக்கொண்டு, தேசிக்காய் அளவில் ஒரு மண் கட்டி. குளவிக் கூடு. எனக்கு முதலில் விளங்கவில்லை. என் கைரேகையையே துடைக்கிற சிவபாலன் இதை ஏன் விட்டுவைத்தார்?

ஸ்குரூ டிரைவரை நீட்டினேன். முதலாளியின் மனைவி நாயகி அம்மா விறாந்தையில் இருந்து இறங்கி ஓடி வந்தார்.

"அண்ணை, அதிலை கை வைக்காதேங்கோ. பிள்ளைத்தாச்சி இருக்கிற வீடு."

குளவி கூடு கட்டினால் வீட்டில் பிள்ளை பிறக்கும், பிறக்கும் வரைக்கும் உடைக்கக்கூடாது. இது என் வீட்டிலும் உள்ள வழக்கம்தான், நான் சிரிக்கவில்லை. எப்போது கட்டியது என்று கேட்டேன். மகள் செய்தியோடு வந்து இறங்கிய கிழமையே குளவி மண் சுமந்ததைத் தான் கண்டதாகச் சொன்னார். எத்தனை வருடம் காத்திருந்து வந்த பிள்ளை. காரைக் கழுவிக்கொண்டிருந்த சிவபாலனைக் கூப்பிட்டு, அதில் தண்ணீர்கூடப் படக்கூடாது என்று சொன்னாராம். ஓம் அம்மா, நான் பாத்துக்கொள்ளுறன் என்றாராம் அவர். அதன்பிறகு வேலையில் நின்ற ஒவ்வொரு நாளும் அந்தக் கட்டியைச் சுற்றித் துணியை வளைத்துத் துடைத்திருக்கிறார்.

நான் எழும்பி உட்கார்ந்து, அந்தக் கூட்டுக்குப் பின்னால் என்ன குழாய் இருக்கிறது என்று இருவருக்கும் சொன்னேன். வெயிலில் ஆவி சீறியது எதனால், வெருகல் வழியில் கார் நின்றது எதனால் என்றும் சொன்னேன். நாயகி அம்மாவின் முகம் வாடிப்போனது.

"அப்ப, நான் சொன்னதைக் கேட்டு நடந்ததுக்கோ அந்த மனிசன் கள்ளன் எண்டு பேர் எடுத்தது?"

முதலாளி கார்க் கதவில் சாய்ந்து நின்றார். அவருக்கு ஆறுதல் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கூட்டை நான் உடைக்கவில்லை. டிக்கிக்குள் தாங்கிக்கும் அந்தக் குழாய்க்கும் நடுவில் ஒரு ரப்பர் இணைப்பு உண்டு. அதைக் கழற்றி, புது ரப்பர் குழாய் ஒன்றைப் பூட்டி, பக்கத்தில் இருந்த இன்னொரு துளையால் கீழே இறக்கிவிட்டேன். வாயில் மெல்லிய கம்பி வலையும் கட்டினேன். ஊதினேன், போனது. குளவிக்கு அதன் வீடு, தாங்கிக்கு அதன் மூச்சு.

இனிச் சிவபாலனைக் கூப்பிட வேண்டும். நீங்கள் ஒருக்கால் போன் எடுத்துச் சொல்லுங்கோ பாஸ் என்றார் முதலாளி. வண்டியின் பிழைக்குத்தான் நான் பொறுப்பு, மற்றதை நீங்களே போய்ச் சொல்ல வேண்டும் என்றேன். கடுமையாகத்தான் சொன்னேன். போனோம், நாயகி அம்மாவும் சேர்த்து மூன்று பேரும் அதே காரில்.

சிவபாலன் படலையைத் திறந்து எல்லோரையும் உள்ளே வரச் சொன்னார், கதிரை எடுத்துப் போட்டார். முதலாளி உட்காரவில்லை. நடந்ததைத் தட்டுத்தடுமாறிச் சொன்னார். சிவபாலன் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு எழும்பி, காரின் பின்னால் போய்க் குந்தியிருந்து பம்பருக்குக் கீழே பார்த்தார். கூடு உடையவில்லை என்று கண்டபின்தான் எழும்பினார்.

"தங்கச்சியை எப்ப கண்டிக்குக் கொண்டுபோக வேணும்?" என்று நாயகி அம்மாவிடம் கேட்டார், சுகன்யாவை அவர் அப்படித்தான் சொல்வார்.

திங்கட்கிழமை என்றார் அவர். முதலாளி திறப்பை நீட்டினார், பழையபடி சம்பளத்தோடு வரச் சொன்னார். சிவபாலன் திறப்பை வாங்கவில்லை.

"தங்கச்சியை நான் கொண்டுபோறன், அது வேற. வேலையைப் பற்றிப் பிறகு பாப்பம். நீங்கள் இஞ்ச வந்து சொன்னது எனக்கும் என்ர மனிசிக்கும்தான் கேட்டது, முதலாளி. எங்கை நிண்டு சொன்னீங்களோ, அங்கை போய்ச் சொல்லுங்கோ."

குரலில் கோபமில்லை. கோபமிருந்திருந்தால் முதலாளிக்குச் சுலபமாக இருந்திருக்கும். இரும்புக்கடையில் கதிரையை விட்டு எழும்பாமல் ஊரைக் கட்டியாண்ட மனிதர். எல்லாருக்கும் முன்னாலேயோ என்று மெதுவாகக் கேட்டார். எல்லாருக்கும் முன்னால்தானே சொன்னீங்கள் என்றார் சிவபாலன். முதலாளி மனைவியைப் பார்த்தார். நாயகி அம்மா அப்போதே காரில் ஏறிவிட்டிருந்தார். சரி என்று முதலாளி திறப்பைத் திரும்ப நீட்ட, சிவபாலன் அதை வாங்கி ஸ்ரேறிங்கில் ஏறி உட்கார்ந்தார்.

பெற்றோல் செட்டுக்கு முன்னால் அன்றைக்கும் நீண்ட வரிசை. முச்சக்கரவண்டி, மோட்டார்சைக்கிள், வான், எல்லாம் தெரிந்த முகங்கள். வரிசையின் கடைசியில் காரை நிறுத்தினார் சிவபாலன். முதலாளி கொஞ்ச நேரம் இறங்கவில்லை. பிறகு இறங்கி, ஆட்கள் கூடி நின்ற இடத்துக்கு நடந்தார். நானும் பின்னால் போனேன்.

"போனமுறை இதிலை நிண்டு நான் என்ர டிரைவரைப் பற்றி ஒரு கதை கதைச்சனான். அது பொய். சிவபாலன் ஒரு சொட்டும் களவெடுக்கேல்லை, ஒரு சொட்டும் கலக்கேல்லை. நான்தான் பிழை."

கதைத்துக்கொண்டு நின்றவர்கள் நிறுத்திவிட்டார்கள். அப்ப கார் ஏன் நிண்டது என்று முச்சக்கரவண்டிக்காரர் ஒருவர் கேட்டார். அதற்கும் முதலாளி பதில் சொன்னார், குழாயையும் கூட்டையும் மனைவி சொன்ன சொல்லையும் ஒன்றும் விடாமல். காதில் விழாத ஒருவர் பின்னால் இருந்து என்னவாம் என்று கேட்க, திரும்பி அவருக்கும் முதலில் இருந்து சொன்னார்.

வரிசை நகர்ந்தது. சிவபாலன் காரை முன்னுக்கு எடுத்தார். வான்காரர் ஒருவர் கையை உயர்த்திச் சிவபாலண்ணை என்று கூப்பிட, அவர் கண்ணாடிக்கு வெளியே கையை நீட்டி அசைத்தார். முதலாளி திரும்பக் காரில் ஏறவில்லை. வரிசை முடியும்வரைக்கும், வெயிலில், சிவபாலனின் கதவோரமாக நடந்தே வந்தார்.